நான்கு தந்திகளும் ஒரு பரிசலும்

ஒகேனக்கலில் பரிசலுக்குக் காத்திருப்போர் பொரித்த மீனை நாடுவது வழக்கம். சென்ற கோடையில் பங்கின் பாடற்குழுவினருடன் அங்குச் சென்றிருந்த நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயினும் அன்று நம் கருத்தைக் கவர்ந்தது மீனன்று. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்த ஒரு தாள். உடல், கழுத்து, குதிரை, பிருடைகள், பிக்கப் என்று அதில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை.

இதுவரை வாசித்து வந்த இரவல் கருவியின் கழுத்து வளைந்துவிட்டது. நல்லதொன்று புதிதாக வாங்கக் குழுவின் சேமிப்புப் போதாது. எனவே பாகங்களைத் தேர்ந்து வாங்கித் தாமே பூட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். குழுவின் மூத்தவருக்கோ இது பிடிக்கவில்லை. “கோவிலுக்கு இக்கருவியே எதற்கு? அதிலும் ஊரார் காசில் சோதனை எதற்கு?” என்றார்.

முதற் கேள்விக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமே விடையளித்துள்ளது. குழல் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்த அச்சாசனம், வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவுடன் ஏற்கலாம் என்கிறது. இரண்டாம் கேள்வி அத்துணை எளிதன்று.

ஆயினும் இக்கருவியின் வரலாறு இளைஞர் பக்கமே பேசுகிறது. ஆளுயரப் பெரும் பிடிலைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரரின் தோள்வலியைத் தீர்க்க, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் 1930-களிலேயே மெட்டுகள் கொண்ட மின் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ தான் உலகை வென்றது. கழுத்தை உடலோடு ஒட்டாமல் திருகுகளால் பூட்டினார் அவர். கெட்ட பாகத்தைக் கழற்றி வேறு மாற்றலாம் என்னும் வசதி அதனால் வந்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’யுடன் திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்நான்கு தந்திகள் அடியில் தனியே ஒரு பாட்டுப் பாடுவதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீணையின் 24 மெட்டுகளை ஆசாரி மெழுகில் பதித்துச் செவியாலேயே சரிபார்ப்பார். இங்கே எல்லாம் கணக்கு. தந்தியின் நீளம் 34 அங்குலம், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம். மிஞ்சிய நீளத்தை மறுபடியும் அவ்வாறே வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரிபாதியில், 17 அங்குலத்தில் வந்து நிற்கும். அதிலிருந்து குதிரை ஓர் இம்மி விலகினாலும் சுருதி கெடும். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுப்பதால், கழுத்தினுள் எஃகுக் கம்பி ஒன்று தாங்கி நிற்கும். குதிரையின் அடியிலிருந்து நிலத் தொடர்புக்கு ஒரு மெல்லிய கம்பி தவறாமல் வர வேண்டும். அஃதில்லையேல் ஒலிபெருக்கியில் வண்டு இரையும். நற்கருணை வேளையின் அமைதியில் அவ்விரைச்சலைக் கேட்டு நெளிந்தவர்கள் நாம்!

இவற்றையெல்லாம் இளைஞர் விளக்குகையில், அருகே கவிழ்த்த பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மரம் எது, தம்பி?”

“தோட்டத்துப் பலா, ஐயா. போன வாரந்தான் அறுத்தோம்.”

“எங்களுக்குப் பச்சை மூங்கில்தான் வேண்டும், அதுதான் வளையும். உங்களுக்கு வளையவே கூடாது என்கிறீர்கள். பச்சை மரத்தை வைத்து என்ன செய்வீர்கள்?”

இளைஞர் விழித்தார். கழுத்தை நன்கு உலர்ந்த மரத்தில் கடையிலிருந்து தருவிக்க நினைத்தவர், உடலைப் பற்றி அவ்வளவு எண்ணிப் பார்க்கவில்லை. கழுத்தின் அடி பொருந்தும் குழி இரண்டரை அங்குல அகலம். பச்சைப் பலாவில் அதைக் குடைந்தால், மரம் உலர உலரக் குழி கோணும், திருகுகள் தளரும். அவர் பேனாவை எடுத்துப் பலாவை அடித்தார்.

பரிசல் முறை வந்தது. ஆற்றின் நடுவே, நீர்ப்புகை முகத்தில் படும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த மூத்தவர் சொன்னார்: “பழைய பங்கு இல்லத்தின் தேக்கு நிலைச்சட்டங்கள் கிடங்கில் கிடக்கின்றன. சாமியாரிடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன். மூன்று துண்டாவது ஒட்ட வேண்டியிருக்கும்.”

“தேக்கு கனமாயிற்றே?” என்றோம்.

“தோள் அவனுடையதுதானே! ஆனால், தம்பி, அறுப்பதை மட்டும் ஆசாரியிடம் விடு.”