இருட்டைப் புட்டியில் அடைக்கலாமா?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆகவே அந்த ஊர் நண்பர் ஒருவரைப் பார்க்கப் புறப்பட்ட நாம், ரயிலில் ஆசையுள்ளவர்களாகையால், அரியலூரில் இறங்கி, அவ்வூரின் சுண்ணாம்புப் புழுதியைச் சிறிது சுவாசித்துவிட்டு, பிறகு பஸ் ஏறுவதென்று தீர்மானித்தோம். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நண்பருடைய தங்கை அரியலூரிலேயே குடியிருப்பதால், அந்த அம்மாளின் வீட்டில் காப்பி சாப்பிட்டோம். புறப்படும் சமயம் அவர் நம்மிடம் ஒரு செய்தி சொல்லியனுப்பினார்.

"அண்ணனிடம் அமெரிக்காவிலிருந்து வந்த தூக்க மருந்து இருக்கிறதாம். பாதியை எங்கள் பூனைக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். விடியற்காலம் நாலு மணிக்கெல்லாம் எங்கள் எல்லோரையும் எழுப்பிவிடுகிறது."

பூனைக்குத் தூக்க மருந்து என்றதும் நமக்குச் சிரிப்பு வந்தது. பெரம்பலூர் சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

நண்பர் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். திருடனுக்கும் தபால்காரருக்கும் அஞ்சாதது. பட்டாசுக்கு மட்டும் அஞ்சும். அதற்கு முந்திய தீபாவளியன்று முதல் வெடி வெடித்ததுமே சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிற்று. மூன்றாம் நாள் நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு கால் முறிந்த நிலையில், அதைக் கண்டெடுத்தார்கள். அந்தக் காட்சியை நண்பரின் பேத்தி இன்னும் மறக்கவில்லை. "இந்த வருஷம் மணியை எங்கே ஒளித்து வைப்பது, தாத்தா?" என்று ஆவணி மாதத்திலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஒரு புட்டி அனுப்பியதன் காரணம் அதுதான். புட்டிக்குள் மிட்டாய் போன்ற மாத்திரைகள். மேலே மெலடோனின் என்று பெயர். பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம்.

"இயற்கைச் சரக்குங்க. உடம்பிலேயே ஊறுகிற வஸ்துவாம். என்ன செய்துவிடப் போகிறது?" என்றார் நண்பர்.

இந்த 'இயற்கை' என்ற சொல்லைப் பற்றிப் பெரம்பலூர்க்காரர் ஒருவருக்கு நாம் எடுத்துச் சொல்ல நேர்ந்ததுதான் வேடிக்கை. தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டம் அவருடையது. பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருக்கும் அந்த வெங்காயத்தைவிட இயற்கையான பொருள் வேறென்ன இருக்கிறது? நமக்கு அது சாம்பாருக்கு உயிர். நாய்க்கும் பூனைக்கும் அதுவே விஷம். அவற்றின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களை அது சிதைத்துச் சோகையை உண்டாக்கிவிடும். பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். ஆகையால், மண்ணில் விளைந்ததென்றோ உடம்பில் ஊறுவதென்றோ சொல்லிவிட்டால், அது எல்லா உடம்புக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது. நண்பர் சிறிது நேரம் வெங்காய மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலடோனின் என்பது உண்மையில் என்ன? மூளையின் நடுவில் அரிசிமணி அளவேயுள்ள ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பினியல் சுரப்பி என்று பெயர். மனிதனுக்கும் உண்டு, மாட்டுக்கும் நாய்க்கும் உண்டு. பையன்கள் கல்லெறியும் ஓணானின் உச்சந்தலையை உற்றுப் பார்த்தால், செதில்களுக்கிடையில் ஒரு சிறு புள்ளி தெரியும். ஒளியை உணரும் அந்த மூன்றாவது கண், பினியல் சுரப்பியின் உடன்பிறப்பு. நெற்றிக்கண்ணைப் பற்றிப் புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அத்தனை ஆச்சரியமாகத் தோன்றாமலிருக்கலாம். 1917-ஆம் வருஷத்தில் மக்கார்ட், ஆலன் என்ற இருவர், மாட்டின் பினியல் சுரப்பிச் சாற்றைத் தவளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் தோல் வெளுத்தது. இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையின் தோல் வைத்தியராகிய ஆரன் லெர்னர், ஆயிரக்கணக்கான மாட்டுச் சுரப்பிகளைத் திரட்டி, 1958-இல் அந்த வஸ்துவைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோல் நோய்க்கு மருந்து. கிடைத்தது இரவின் இரகசியம்.

ஏனென்றால் இந்தச் சுரப்பி இருட்டில்தான் வேலை செய்கிறது. கண் வழியே வெளிச்சம் பட்டால் நின்றுவிடுகிறது. 'இரவு வந்துவிட்டது' என்று உடம்பு முழுவதற்கும் தண்டோராப் போடுவதே அதன் உத்தியோகம். அதைக் கேட்டு மனிதன் படுக்கையை விரிக்கிறான். ஆனால் எலியின் உடம்பிலும் இந்த வஸ்து இரவில்தான் ஊறுகிறது. எலியோ அப்பொழுதுதான் சோம்பல் முறித்து எழுந்து நம் சமையலறைக்குப் புறப்படுகிறது! ஆகவே இது தூக்கத்தைக் கட்டளையிடும் மருந்தல்ல. இருட்டைத் தெரிவிக்கும் தூதன். அரியலூர்ப் பூனைக்கு இது தெரியும் போலும். அந்தியிலும் விடியலிலும் உலாவுவது பூனைச் சாதியின் பரம்பரை வழக்கம். நாலு மணிக்கு அது எழுவது வியாதி அல்ல.

பிராணிகளிடத்தில் இந்தத் தூதனுக்கு வேறு காரியங்களும் உண்டு. இரவின் நீளத்தைக் கொண்டு பருவத்தை அறிவிப்பவனும் இவனே. குளிர் தேசங்களில் செம்மறியாடுகளைப் பருவத்துக்கு முன்பே சினைப்படுத்துவதற்கும், பெண் பூனைகளின் வேட்கைப் பருவத்தைச் சில மாதம் தள்ளிப் போடுவதற்கும் மெலடோனினைத் தோலுக்கடியில் பொருத்துகிறார்கள். நம் பெரம்பலூர்ச் சீமையில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரந்தான். லண்டனிலோ எட்டு மணிக்கு மேல். ஆகையால் அங்கே பலித்தது இங்கேயும் அப்படியே பலிக்கும் என்று நம்புவதற்கில்லை.

நாயின் விஷயத்தில், காரணம் தெரியாமல் ரோமம் உதிரும் சில நோய்களுக்கு மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். சிலவற்றில் ரோமம் மறுபடி வளர்வதும் உண்டு. வெடிச் சத்தத்தால் வரும் பீதிக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சான்று சொற்பம்; அநுபவத்தின்பேரில் கொடுப்பதே அதிகம். கடும் பீதி கொண்ட நாய்க்கு இது மட்டும் போதாது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

மறுநாள் காலையில் மணியையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். வாசலில் ஆடுகளும் கன்றுக்குட்டிகளும் வரிசையில் நின்றன; மணி மரியாதையாகவே காத்திருந்தது. மருத்துவர் நாயைப் பார்ப்பதற்கு முன் புட்டியைப் பார்த்தார். இலைப் படத்தை அல்ல; அடியிலிருந்த பொடி எழுத்துக்களை.

"ஐயா, இதில் ஒன்றாவது கொடுத்தீர்களா?"

"இல்லைங்க. தீபாவளியன்று கொடுக்கலாமென்று..."

"நல்ல வேளை!" என்றார் மருத்துவர்.

அந்த மிட்டாய்க்கு இனிப்பூட்டியிருந்தது சைலிட்டால் என்ற சர்க்கரை. மனிதனுக்கு அதனால் பெரிய தீங்கில்லை, நீரிழிவுக்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். நாயின் உடம்பிலோ அது இன்சுலினைத் திடீரென்று பெருக்கிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலுள்ள சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கும். நாய் தள்ளாடும், வலிப்பு வரும். அளவு மிஞ்சினால் கல்லீரலும் கெடும். பிர்ச் மரத்திலிருந்து எடுப்பதால் 'பிர்ச் சர்க்கரை' என்ற அழகிய பெயரும் இதற்கு உண்டு. இதுவும் இயற்கைதான்!

நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே குழந்தை மணியின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மருத்துவர் சொன்ன மற்றொரு விஷயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி இத்தகைய சரக்குகள் மருந்து என்ற கணக்கில் சேராமல் உணவுத் துணையாக விற்கப்படுகின்றன. பிரிட்டனில் அதே மெலடோனினுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டில்லாத வியாபாரத்தின் லட்சணம் எப்படியிருக்கிறது? 2017-இல் கானடாவில் 31 தினுசு மெலடோனின் சரக்குகளைச் சோதித்தார்கள். ஒன்றில், மேலே எழுதியிருந்த அளவில் ஆறில் ஒரு பங்குதான் இருந்தது. இன்னொன்றில் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. எட்டில் செரடோனின் என்ற வேறு வஸ்துவும் கலந்திருந்தது. அறுபது கிலோ மனிதனுக்கே கணக்குத் தவறும் புட்டியை நான்கு கிலோப் பூனைக்கு எப்படி அளப்பது? சினையாயிருப்பவை, சர்க்கரை நோயுள்ளவை, வேறு மருந்து உட்கொள்பவை ஆகிய பிராணிகளுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பூனை வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்லிவிடுகிறோம்: ஜுரம் என்று பாரஸெட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைக் கழித்துவிடும் சக்தி அதன் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே அதன் உயிரை வாங்கிவிடும்.

சரி, மணிக்கு வழி என்ன? மருத்துவர் நாயின் எடையை நிறுத்து, அதன் பயத்துக்கேற்ற வேறு மருந்து ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். அதைக் காட்டிலும் நெடுநேரம் அவர் பேசியது வீட்டைப் பற்றித்தான். நாம் கேட்கும் ஒலியின் மேல் எல்லை வினாடிக்கு 20,000 அதிர்வு. நாய்க்கு 45,000 வரை, பூனைக்கு 60,000-க்கும் மேல். அவற்றின் காதில் அணுகுண்டு எப்படி ஒலிக்கும் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். ஜன்னலில்லாத உள்ளறை ஒன்றை முன்கூட்டியே பழக்குங்கள், பகலிலேயே உலாத்தி, வயிறார உணவிட்டுவிடுங்கள், சங்கிலியில் கட்டாதீர்கள், ரேடியோவை மெல்லப் பாட விடுங்கள், நடுங்கினால் தடவிக் கொடுங்கள், அதனால் பயம் வளராது என்றார். வெடிக்கும் நேரமும் நிச்சயமாகத் தெரிந்ததே. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த கட்டுப்பாட்டையொட்டி, காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழ்நாடு அரசாங்கம் நேரம் வகுத்தது. அந்த நேரத்துக்கு ஜனங்கள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது நேயர்களுக்கே தெரியும். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்னும் கிராமங்களின் ஜனங்களோ, கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்பதற்காகவே எத்தனையோ வருஷமாகப் பட்டாசைத் தொடாமலிருக்கிறார்கள். அவர்களை எந்தக் கோர்ட்டும் வற்புறுத்தவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் நண்பர் டெலிபோன் செய்தார். நெல் மூட்டை அறையில், பேத்தியின் பழைய பாவாடையின்மேல் மணி படுத்திருந்ததாம். வெளியே வெடித்தபோதெல்லாம் காதை மடித்ததாம், நடுங்கியதும் உண்டாம், ஆனால் ஓடவில்லை. நாதஸ்வரம் முடிந்து விவசாயச் செய்தி ஆரம்பித்தபோது தூங்கிவிட்டதாம்.

"புட்டியை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எனக்குத்தான் ராத்திரியில் தூக்கமில்லையே, நான் சாப்பிடலாமா என்று அந்த மருத்துவரையே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"நாலு காலில் நடந்து வந்தால் பார்க்கிறேன் என்றார்."