கல்லாவுக்கு முன் ஒரு கடுஞ்சொல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நம் சமுதாயத்தவர் பலர் மளிகை, காய்கறி, இறைச்சிக் கடைகளை நடத்தி வருகின்றனர். வீட்டின் முன்னறையிலேயே சிறு கடை வைத்து, கணவர் கோயம்பேட்டுக்குச் சென்றிருக்கும் வேளையில் தாமே கல்லாவில் அமரும் சகோதரிகளும் உண்டு. இவர்கள் யாவருக்கும் அன்றாடம் நேரும் சோதனை ஒன்று உண்டென்றால், அது விலையைக் கேட்டதும் சீறுகின்ற வாடிக்கையாளர்தாம். "என்ன பாய், பகல் கொள்ளையா இருக்கே?" என்ற ஒரு சொல்லில் பத்தாண்டுப் பழக்கம் முறிந்துபோவதுண்டு.

2023 ஜூலை மாதத்தை நினைவுகூருங்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, மாத இறுதியில் சில்லறைக் கடைகளில் 200 ரூபாயை எட்டியது. சென்னைக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பகுதிகளிலிருந்தே வருகிறது. அங்கே விளைச்சல் குன்றினால் இங்கே லாரிகள் குறையும். விலை தானே ஏறும். அம்மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளின் வழியே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. மக்கள் மனத்தில் பதிந்த எண் 60. கடைப் பலகையில் கண்ட எண்ணோ அதைப்போல் இருமடங்கு. சினம் எழாமல் என்ன செய்யும்?

இனிக் கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 15 கிலோ கொண்ட ஒரு பெட்டியை 1,500 ரூபாய்க்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். நசுங்கியும் அழுகியும் ஒன்றரைக் கிலோ போய்விட்டால் மிஞ்சுவது பதின்மூன்றரைக் கிலோ. அப்போதே கிலோவின் அடக்கம் 111 ரூபாய். கூலிக்கும் வண்டி வாடகைக்கும் பெட்டிக்கு 100 ரூபாய் சேர்த்தால் 118 ரூபாயைக் கடந்துவிடுகிறது. 120 ரூபாய்க்கு விற்பவர் கையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட நிற்பதில்லை. இக்கணக்கை நெஞ்சில் வைத்திருப்பவருக்குக் கோபம் எளிதில் வருவதில்லை. அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. "இன்று கோயம்பேட்டு விலையே இது, அம்மா" என்று கூறிக் கொள்முதல் சீட்டை எடுத்துக் காட்டினால் போதும். முழுக் கணக்கையும் ஒப்பிக்கத் தொடங்கினால் அதுவும் ஒரு சண்டையாகவே முடியும்.

ஆனால் கணக்கு எப்போதும் நம் பக்கமே நிற்பதில்லை. 2019 டிசம்பரில் எகிப்திலிருந்து வெங்காயம் இறக்குமதி செய்யும் அளவுக்கு விலை ஏறிற்று. அத்தகைய நாள்களில், முன்வாரம் மலிவாக வாங்கி வைத்த மூட்டையை இன்றைய விலைக்கு விற்பவர் உண்டு. நாளை புது மூட்டை வாங்கப் பணம் வேண்டுமே என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. எனினும் அந்த மூட்டை வந்திறங்கியதைத் தெருவே பார்த்திருக்கிறது. அவர் அன்று மற்ற நாள்களைவிட உரக்கப் பேசுவதை நான் கவனித்திருக்கிறேன். குளிர்பானப் புட்டியில் அச்சிட்ட விலைக்குமேல் "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் வாங்குவதோ வாதத்துக்கே இடமற்றது. அச்சிட்ட உச்ச விலையில் வரிகளெல்லாம் அடக்கம். அதற்குமேல் ஒரு காசு வாங்குவதும் சட்டப்படி குற்றம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் வெகுண்டெழுந்தனர். அண்ணலார் அவர்களைத் தடுத்து, உரிமை உடையவருக்குப் பேசவும் இடமுண்டு என்று கூறி, அவருக்குரிய ஒட்டகத்தைவிட மேலானதையே கொடுக்கச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது. அங்கே கேட்டவர் கடன் கொடுத்தவர். நம் கடைக்கு வருபவர் கடன்காரரல்லர் என்பது உண்மையே. ஆயினும் தம் உழைப்பின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அதன் பயனைக் குறித்துப் பேச உரிமை இல்லையா?

"பாய்" என்ற விளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலைக்காக எழுந்த சினத்தோடு அச்சொல்லும் சேர்ந்து வரும்போது, சமுதாயத்தையே இழித்துரைத்துவிட்டார் என நம் இளைஞர் சிலர் கொதிக்கின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. நேற்றுக் கடன் சொல்லும்போதும் அவர் "பாய்" என்றுதான் அழைத்தார். பக்கத்துக் கடைக்காரரை "அண்ணாச்சி" என்று அழைத்தும் இதே வசையைத்தான் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

உண்மையில் அஞ்சத்தக்கவர், விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கூடையை மடித்துக்கொண்டு போகிறவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு, மாதக் கடைசியில் ஒரு கிலோ தக்காளி என்பது பெருஞ்செலவு. அவரிடம், "நூறு கிராம் போடட்டுமா, அம்மா?" என்று நாமே கேட்டுவிட்டால், சிறிய அளவைக் கேட்கும் கூச்சம் அவருக்கு மிச்சமாகும். ஏசுகிறவரோ நாளையும் வருவார். வாங்கும் எண்ணம் இருப்பதாலேயே ஏசுகிறார்.

2023 ஆகஸ்டில் தக்காளி விலை இறங்கத் தொடங்கிற்று. ஏறிய நாளில் விடியற்காலையிலேயே பலகையை அழித்து எழுதிய கடைக்காரர், இறங்கிய நாளிலும் விடியற்காலையிலேயே எழுதினாரா என்பதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.