கீழிருந்து வரும் சூடு

அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது ஒரு பயிற்சியாளர் வந்து தவளைக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார். கொதிக்கும் நீரில் தவளையைப் போட்டால் துள்ளி வெளியே குதித்துவிடுமாம். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினால், சுகமாக உட்கார்ந்தபடியே வெந்து செத்துப்போகுமாம். ஆகவே நண்பர்களே, மாற்றத்தை உணருங்கள். போன பிப்ரவரியில் இந்தக் கதையை ஏழாவதோ எட்டாவதோ முறையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் என் வீட்டில் நிஜமாகவே ஒரு தவளை வெந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

முதலில் கதையை முடித்துவிடுகிறேன். அது பொய். ஃப்ரீட்ரிக் கோல்ட்ஸ் என்ற ஜெர்மன் உடலியலாளர் 1869-இல் இதைச் செய்தே பார்த்தார். சூடேறும் நீரில் அசையாமல் கிடந்தது மூளை அகற்றப்பட்ட தவளை. மூளையுள்ள தவளையோ நீர் 25 டிகிரி செல்சியஸை எட்டும்போதே வெளியேறத் தவித்தது. மேலாண்மைக்காரர்கள் நமக்கு உதாரணம் காட்டுவது மூளையில்லாத தவளையை என்பது ஒரு நல்ல நகைச்சுவை. ஆனால் எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வாரம்தான் மருத்துவர் எங்கள் தவளையின் அடிவயிற்றைத் திருப்பிக் காட்டினார். கைவிரல் அகலத்துக்குத் தோல் சிவந்து, ஓரங்களில் வெளுத்துக் கிடந்தது.

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் ஒரு நண்பர். அவர் பையனுக்குப் பிறந்தநாள் வருகிறது. "நாய் வேணாம்னு சொல்லிட்டேன். தவளைன்னா பிரச்சினை இல்லைல்ல? கடைல, புதுசா வளக்கறவங்களுக்கு ஏத்த பிராணின்னு போட்டிருக்கான்" என்று கேட்டார். அந்தச் சொற்றொடரோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் தவளையும் அப்படி வந்ததுதான். மின்னசோட்டாவில் இருக்கிறோம். டிசம்பர், வெளியே மைனஸ் இருபது. ஏழு வயது மகள், கடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பச்சைக் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு நகர மறுத்தாள். பாக்மேன் தவளை என்பது வியாபாரப் பெயர். 1980-இல் வந்த வீடியோ விளையாட்டில் வாயே உடலாக அலையும் அந்த மஞ்சள் வட்டத்தை வைத்து இட்டது. உண்மைப் பெயர் செரடோஃப்ரிஸ். கொம்புத் தவளை என்று சொல்லலாம், கண்ணுக்கு மேல் இமை கூம்பாக நிமிர்ந்திருக்கும். எங்களுடையது கிரான்வெல் கொம்புத் தவளை. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில் ஆகிய நாடுகளில் விரிந்திருக்கும் கிரான் சாக்கோ சமவெளி அதன் ஊர். கண்ணாடித் தொட்டி, தேங்காய்நார்த் துகள் கட்டி ஒன்று, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பக்கம் பசை தடவிய வெப்பப் பாய் என எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டிக் கொடுத்தார்கள். நார்க்கட்டியின் உறையில் இந்தியத் தயாரிப்பு என்று இருந்தது. நான் பொள்ளாச்சிக்காரன். பூமியின் இரண்டு கோடிகளிலிருந்து வந்தவர்கள் மூன்றாவது கோடியில் சந்தித்துக்கொண்டோம் என்றெல்லாம் அன்று இரவு உருகினேன். அம்மாவிடம் வீடியோவில் காட்டியபோது, "ஏங்கண்ணு, தவளைக்குப் போயி கரண்டுல சூடு போடறயா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

வெப்பப் பாயைத் தொட்டியின் அடியில் ஒட்டச் சொல்லிப் பெட்டியின்மேல் படம் போட்டிருந்தது. ஒட்டினேன். வெப்பத்தை அளந்து பாயை அணைத்துப்போடும் தெர்மோஸ்டாட் அந்தப் பெட்டியில் இல்லை. அது தனி விலை. காரை விற்றுவிட்டு, பிரேக் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதற்குச் சமம் இது. ஆனால் நான் ஒரு பொறியாளன் அல்லவா, விட்டுவிடுவேனா? பழைய ராஸ்பெர்ரி பை ஒன்று கிடந்தது. இருபது வரி பைத்தான், ஒரு வெப்ப உணரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பதிவாகி, கைபேசியில் வரைபடமாக வரும். உணரியைத் தொட்டியின் பக்கச் சுவரில், நடு உயரத்தில் ஒட்டினேன். 25, 26, 25. கோடு பச்சையாகவே போய்க்கொண்டிருந்தது. அலுவலகக் கூட்டங்களுக்கு நடுவே அதை எடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் மகள் சொன்னாள், "அப்பா, அது தோண்டிக்கிட்டே இருக்கு." அதன் இயல்பே அதுதான் பாப்பா, மண்ணுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்து இரைக்குக் காத்திருக்கும் என்று விளக்கினேன். இரண்டு நாள் கழித்து, "கண்ணும் தெரியலப்பா" என்றாள். வரைபடத்தைப் பார்த்தேன். 26. எல்லாம் சரியாக இருந்தது.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. சாக்கோவில் கோடை கடுமையானது. வெயில் மேலிருந்து வருகிறது, மண்ணுக்குள் போகப்போகக் குளிர்ச்சி. எனவே இந்தத் தவளையின் உடம்பில் ஒரே ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது: சுட்டால் தோண்டு. வறண்ட காலத்தில் அது இன்னும் ஆழமாகப் போய், உரித்த தோலையே அடுக்கடுக்காக மேலே போர்த்தி, ஒரு கூடு போலாக்கி, மழை வரும்வரை மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும். அந்த ஊரில் அந்த விதி ஒருபோதும் பொய்த்ததில்லை. நாம் அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டு, அடியில் அடுப்பை வைக்கிறோம். அது சுடுகிறது என்று தோண்டுகிறது. தோண்டினால் மேலும் சுடுகிறது. மேலும் தோண்டுகிறது. கடைசியில் வயிறு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கண்ணாடியின் வெப்பத்தைப் பிற்பாடு அகச்சிவப்பு மானியால் அளந்தேன், 41 டிகிரி. நார்த்துகள் நல்ல வெப்பத் தடுப்பான் என்பதால் மேலே காற்றில் இருந்த என் உணரிக்கு இதில் ஒன்றுமே தெரியவில்லை. நான் அளந்தது தவளை இல்லாத இடத்தை.

இந்தப் பாய்களின் மூலப் பயன் பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும். அவற்றின் தோல் செதில் போர்த்தியது. சூடு அதிகமானால் நடந்து மறுபக்கம் போகும். தவளையின் தோலோ அதன் வாய், அதன் பாதி நுரையீரல். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றிலும் தொடை மடிப்பிலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினை நீக்காமல் ஊற்றினால் அதையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். சரியாக அந்த வயிற்றைத்தான் நாம் சூட்டில் வைக்கிறோம். பாயைப் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டி, தெர்மோஸ்டாட்டில் மாட்டி, அதன் உணரியைத் தவளை கிடக்கும் ஆழத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம் 27, மறுபக்கம் 23 என்று இருந்தால் அது தனக்கு வேண்டிய இடத்தைத் தேடி உட்கார்ந்துகொள்ளும். பெட்டியின்மேல் இருக்கும் படத்தை மாற்றி அச்சிட எவ்வளவு செலவாகும்?

குளிர் ரத்தப் பிராணிக்குச் சூடே எதற்கு என்று சிலர் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என் அம்மா கேட்டதும் ஒரு வகையில் அதுதான், ஆனால் பொள்ளாச்சியில் அது நியாயமான கேள்வி. மின்னசோட்டாவில் இல்லை. குளிர் ரத்தம் என்ற சொல்லே ஒரு குழப்பம். அதன் ரத்தம் குளிர்ந்ததல்ல, அது வெப்பத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. செரிமானமும் அப்படியே. 16 டிகிரியில் ஒரு தவளைக்கு வயிறு நிறையத் தீனி போட்டால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். சூடும் சோறும் அதற்கு ஒரே கணக்கு. குளிரில் வைத்துவிட்டு அன்போடு ஊட்டுகிறவர், சூட்டில் வைத்துச் சுட்டவனைவிட நல்லவர் இல்லை.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் இன்னும் அதிகம். கொம்புத் தவளை வாய்க்கு நேரே அசைகிற எதையும் பிடிக்கும். அதன் நாக்கு தன் உடல் எடையையும் மிஞ்சிய பொருளை இழுக்கும் அளவுக்கு ஒட்டும் என்று 2014-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். இந்த அற்புதம் ஒரு வேடிக்கைக் காட்சியாகிவிட்டது. கண் திறக்காத எலிக்குஞ்சைத் தொட்டிக்குள் விட்டு, தவளை அதைக் கவ்வுவதைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். "எப்படிச் சாப்பிடறான் பாருங்க!" அவன் சாப்பிடத்தான் செய்வான். சாக்கோவில் அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாத ஒரு உயிர் வேண்டாம் என்று சொல்லக் கற்கவில்லை. வாரம் ஓர் எலி என்று தின்று, உருண்டு, கால்கள் தெரியாமல் கிடக்கும் தவளையைப் பார்த்து அழகு என்கிறோம். கொழுப்பு மிகுந்த எலித் தீனியில் வளர்ந்த மரத்தவளைகளின் கருவிழியிலேயே கொழுப்பு வெள்ளையாகப் படிந்து பார்வை போனதைக் கால்நடை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வளர்ந்த கொம்புத் தவளைக்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். மண்புழு நல்லது. எங்கள் ஊரில் சுவர்க்கோழி என்போமே, அந்தப் பூச்சி இங்கே கடையில் உயிரோடு டப்பாவில் கிடைக்கிறது, அதுவும் சரி.

சுவர்க்கோழியிலும் ஒரு சூது உண்டு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் தவளை தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். தாடை வளையும், கால் மடங்கும். எனவே பூச்சிக்கு முதலில் ஒரு நாள் நல்ல தீனி போட்டு, கால்சியமும் டி3 வைட்டமினும் கலந்த பொடியில் புரட்டிப் போட வேண்டும், சுண்டலுக்கு மசாலா புரட்டுவது மாதிரி. வைட்டமின் ஏ குறைந்தால் வேறொரு கொடுமை. நாக்கின் பசை சுரக்கும் செல்கள் மாறிப்போகின்றன. தவளை பூச்சியைக் குறிபார்த்து நாக்கை வீசும், பூச்சி ஒட்டாது. மறுபடி வீசும். வளர்ப்பவர் கண்ணுக்கு அது பசியில்லாத தவளையாகவோ சோம்பேறித் தவளையாகவோ தெரியும். உணவு கண்ணெதிரே நிற்க, உடம்பு ஒத்துழைக்காமல் பட்டினி கிடக்கும் பிராணி அது. இதில் எது புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றது என்று எனக்குப் புரியவில்லை. தவளை சத்தமில்லாமல் சாகும் என்பதுதான் அந்தச் சொற்றொடரின் உண்மையான பொருளோ என்று சந்தேகிக்கிறேன். நாய் குரைக்கும், பூனை கத்தும். இவற்றைப் பத்துப் பதினைந்து வருடம் வாழ வைக்கலாம். அவ்வளவு வருடம் தாண்டிய கொம்புத் தவளையை நீங்கள் யார் வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

எதிர்வாதங்கள் தெரியும். காட்டில் இருந்தால் பாம்பு தின்றிருக்கும் என்பார்கள். பாம்பு தின்பது வேறு, நாம் பணம் கொடுத்து வாங்கி வந்து வேக வைப்பது வேறு, மேலே பேச ஒன்றுமில்லை. இன்னொன்று கனமானது: கடையில் இருப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை, காட்டிலிருந்து பிடித்தவை அல்ல, அதனால் காட்டுக்கு நஷ்டமில்லை. கொம்புத் தவளையைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை கிழக்காசியாவில் தோன்றி, நீர்நில வாழ்விகளின் வணிகத்தோடு சேர்ந்து கண்டம் விட்டுக் கண்டம் பரவியது என்று 2018-இல் மரபணு ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு வந்த கணக்கின்படி அதனால் வீழ்ந்த இனங்கள் 501, அவற்றில் 90 அநேகமாக அழிந்தேவிட்டன. அலுத்துப்போன தவளையை ஏரியில் கொண்டு விடுகிற இரக்கசாலிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். தொட்டித் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டுகிறவர்களும்.

எங்கள் தவளை பிழைத்தது. கடையில் அதற்குக் கொடுத்ததைப்போல பதினைந்து மடங்கு மருத்துவருக்குக் கொடுத்தேன். ஆறு வாரம் நார்த்துகளே இல்லாமல் ஈரக் காகிதத்தில் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வயிற்றில் களிம்பு. அதைக் கையில் ஏந்தித் திருப்பும்போது ஒரு சத்தம் போடும், கதவு கீல் மாதிரி. அதற்குக் குரல் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. வடு இன்னும் இருக்கிறது. கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், கல்லூரி மாணவியாக இருக்கும், நிஜமாகவே வருத்தப்பட்டாள். பெட்டி எங்கோ அச்சாகி வருகிறது, நாங்கள் விற்கிறோம், அவ்வளவுதான் என்றாள். அவளிடம் கோபித்து என்ன பயன்? அந்தப் படத்தை நம்பியவனும் நான்தான், காற்றை அளந்துவிட்டுத் தவளை நலம் என்று முடிவுகட்டியவனும் நான்தான்.

நண்பருக்கு வேண்டாம் என்று பதில் எழுதினேன். "நீ மட்டும் வச்சிருக்கியே?" என்றார். வைத்திருக்கிறேன். இதற்குப் போக வேறு இடமில்லை. சாக்கோவுக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது. இன்னும் பத்து வருடம் இருந்தால் மகள் கல்லூரிக்குப் போகும்போது அதுவும் இருக்கும்.

இப்போது பாய் பக்கச் சுவரில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் உணரி மண்ணுக்குள், தவளைக்கு ஒரு சாண் தள்ளி. வரைபடம் இன்னும் கைபேசிக்கு வருகிறது, பழக்கதோஷம். ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள்தான் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். இன்று, "ரெண்டு கண்ணும் வெளிய இருக்குப்பா" என்றாள்.