குண்டு வைத்தவனும் கதவடைபட்டவனும்

உலகத்தில் எங்காவது ஒரு பட்டணத்தில் பயங்கரவாதிகள் குண்டு போட்டு, ஒன்றும் அறியாத ஜனங்களைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடனே, பிணங்கள் எடுக்கப்படுவதற்கு முன்பாகவே, "அந்நியர்களை உள்ளே விட்டதால்தான் இந்தக் கதி வந்தது, வாசலை அடையுங்கள்" என்கின்ற கூச்சல் கிளம்பி விடுகின்றது. குண்டு வைத்தவன் யார், அவன் எங்கே பிறந்தவன், அவனைப் பற்றி முன்னமேயே சர்க்காருக்குத் தெரியுமா, தெரிந்திருந்தும் ஏன் பிடிக்கவில்லை என்பன போன்ற விஷயங்களைப் பற்றிக் கவலைப்படுகின்றவர்கள் மிகச் சிலரேயாவார்கள்.

கிராமத்தில் வாந்திபேதி கண்டால், குடிதண்ணீர்க் கிணற்றில் சாக்கடை கலந்திருக்கின்றதா என்று பார்க்காமல் ஆட்டை வெட்டிப் பலி கொடுக்கின்றவர்களைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். அந்த ஆடு பேதியைக் கொண்டு வரவுமில்லை. அதை வெட்டியதால் பேதி நிற்கப் போவதுமில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று செய்து விட்டோம் என்கின்ற திருப்தி மாத்திரம் ஊராருக்கு ஏற்பட்டு விடுகின்றது. படித்தவர்கள், நாகரிகமடைந்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகின்ற மேல்நாட்டாரும் பயங்கரவாத விஷயத்தில் பெரும்பாலும் இதே காரியத்தைத்தான் செய்து வருகின்றார்கள் என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலாவதாக ஒன்றைச் சொல்லி விடுகின்றோம். கடவுள் பேரால் ஆகட்டும், மதத்தின் பேரால் ஆகட்டும், இனத்தின் பேரால் ஆகட்டும், சங்கீதம் கேட்கப் போனவர்களையும் கும்பிடப் போனவர்களையும் கொல்லுகின்றவனுக்கு நாம் எவ்விதச் சமாதானமும் சொல்ல வரவில்லை. அவனைப் பிடிக்க வேண்டியதும், தண்டிக்க வேண்டியதும், அடுத்தவன் கிளம்பாமல் தடுக்க வேண்டியதும் சர்க்காரின் முதற் கடமையேயாகும். அந்தக் கடமையைச் சரியாய்ச் செய்தார்களா என்பதுதான் நமது கேள்வி.

2015 ம் வருஷம் நவம்பர் 13 ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு பாரிஸ் பட்டணத்தில் பந்தாட்ட மைதானத்தின் பக்கத்திலும், காப்பி ஓட்டல்களிலும், பாட்டாக்ளான் என்கின்ற சங்கீத மண்டபத்திலும் பயங்கரவாதிகள் புகுந்து 130 பேரைக் கொன்றார்கள். இவர்களில் 90 பேர் அந்த மண்டபத்தில் மாத்திரம் மாண்டவர்கள். மைதானத்தின் பக்கத்தில் தன்னையே வெடித்துக் கொண்டு செத்த ஒருவனுடைய பிணத்தின் அருகில் ஒரு சிரியா தேசத்துப் பாஸ்போர்ட் கிடந்தது. அவ்வளவுதான். அந்தப் பாஸ்போர்ட் நிஜமா பொய்யா என்று தெரிவதற்கு முன்பாகவே, "அகதி வேஷத்தில் வந்தவர்கள் ஐரோப்பாவைக் கொல்லுகின்றார்கள்" என்ற பேச்சு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

அதற்கு இரண்டரை மாதத்திற்கு முன், செப்டம்பர் மாதத்தில், துருக்கி நாட்டுக் கடற்கரையில் ஒதுங்கிய ஒரு சிரியக் குழந்தையின் சவத்தைப் படத்தில் பார்த்து இதே ஐரோப்பா அழுதது; அகதிகளுக்கு வாசலைத் திற என்று ஊர்வலம் நடத்தியது. நவம்பர் மாதத்தில் ஒரு பாஸ்போர்ட்டைப் பார்த்து வாசலை அடை என்றது. பாரிஸ் கொலைகளுக்கு மறுநாளே போலந்தில் பதவி ஏற்க இருந்த ஒரு மந்திரி, அகதிகளைப் பங்கிட்டு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை இனி நிறைவேற்ற முடியாதென்று சொன்னார். அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களின் கவர்னர்கள், சிரிய அகதிகள் எங்கள் மாகாணத்திற்கு வேண்டாமென்று சில நாட்களுக்குள் அறிவித்தார்கள். டிசம்பர் 7 ந் தேதி, ஜனாதிபதி பதவிக்கு நின்ற டிரம்ப், முஸ்லிம்கள் எவரும் அமெரிக்காவுக்குள் வரவே கூடாதென்றார். ஒரு குழந்தைக்காக இரங்கியதும், ஒரு பாஸ்போர்ட்டுக்காகப் பயந்ததும் மனிதசுபாவந்தான். ஆனால் ஒரு தேசத்தின் சட்டத்தை இரக்கமும் பயமும் மாறி மாறி எழுதுமானால், புத்திக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கின்றோம்.

நிற்க, அந்தப் பாஸ்போர்ட்டின் கதிதான் என்னவாயிற்று? பாரிசில் கொலை செய்த கூட்டத்தார் பத்துப் பேர். அவர்களில் எட்டுப் பேர் பிரான்சு அல்லது பெல்ஜியம் தேசத்துப் பிரஜைகள். அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படித்து, அந்நாட்டு வீதிகளில் வளர்ந்தவர்கள். மற்ற இரண்டு பேர் ஈராக்கியர்கள். சிரியர் என்று பொய்ப் பாஸ்போர்ட் வைத்துக் கொண்டு, 2015 அக்டோபர் 3 ந் தேதி கிரீஸ் தேசத்து லெரோஸ் தீவில் அகதிகளோடு அகதிகளாய் வந்து இறங்கியவர்கள்.

ஆகவே அகதிகள் வழியாக ஒருவரும் வரவில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். அதை மறைப்பது யோக்கியமாகாது. ஆனால் அந்த இரண்டு பேர் வந்ததற்குக் காரணம், பாஸ்போர்ட்டைச் சரியாய்ச் சோதிப்பதற்கு வேண்டிய ஆட்களும் சாதனங்களும் அந்தத் தீவில் இல்லாமலிருந்ததுதானே ஒழிய, சிரியாக்காரர்கள் வீடு வாசலை விட்டு ஓடி வந்தது எப்படிக் காரணமாகும்? அவர்களில் பலர் எந்தக் கூட்டத்தாரின் கொலைக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதே கூட்டத்தார்தான் பாரிசிலும் கொன்றது. புலிக்குப் பயந்து ஓடி வந்தவன் முகத்தில், புலி வந்துவிடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது?

இனி, கிணற்றுச் சாக்கடை எங்கே இருந்தது என்பதைப் பார்ப்போம். இந்தக் கூட்டத்தின் தலைவன் பெல்ஜியத்தில் பிறந்தவன். 2015 ஜூலை மாதத்திலேயே பெல்ஜியம் கோர்ட்டு அவன் இல்லாமலே விசாரித்து இருபது வருஷம் தண்டனை விதித்திருந்தது. அப்படிப்பட்டவன் ஐரோப்பாவுக்குள் தாராளமாய் வந்து போய்க் கொண்டிருந்தான். சங்கீத மண்டபத்தில் சுட்டவர்களில் ஒருவன் 2012 லேயே பயங்கரவாத வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு, நீதிபதியின் கண்காணிப்பில் விடப்பட்டவன். அவன் 2013 ல் சிரியாவுக்கே போய்விட்டான். கொலை நடந்த மறுநாள் காலையில், அக்கூட்டத்தில் உயிரோடு தப்பிய ஒருவன் பெல்ஜியத்தை நோக்கிக் காரில் போகும்போது பிரெஞ்சுப் போலீசாரே வண்டியை நிறுத்தி, பெயரைக் கேட்டு, போகவும் விட்டுவிட்டார்கள். அவன் நாலு மாதம் கழித்து, 2016 மார்ச்சு 18 ந் தேதி, தான் வளர்ந்த பேட்டையிலேயே பிடிபட்டான். அதற்கு நாலாம் நாள் அவனுடைய கூட்டாளிகள் பிரஸ்ஸல்ஸ் பட்டணத்தில் 32 பேரைக் கொன்றார்கள். வேவு பார்க்கும் இலாகாக்கள் தவறிவிட்டன என்றும், அவைகளைத் திருத்தி அமைக்க வேண்டுமென்றும் பிரெஞ்சுப் பார்லிமெண்டு கமிட்டியே 2016 ஜூலையில் சொல்லிற்று.

இவ்வளவையும் திருத்துவது கஷ்டமான வேலை. அதற்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும், தன் உத்தியோகஸ்தனையே கேள்வி கேட்கும் தைரியமும் வேண்டும். அகதி முகத்தில் கதவடைக்கவோ ஒரு கையெழுத்துப் போதும். அகதிக்கு ஓட்டும் கிடையாது. இந்தச் சவுகரியத்தைக் கண்டுதான் ராஜீயவாதிகள் சுலபமான வேலையை முதலில் எடுத்துக் கொள்ளுகின்றார்கள் என்பது நமது அபிப்பிராயம். பிரான்சிலும் நெருக்கடி நிலைச் சட்டம் 2017 நவம்பர் 1 ந் தேதி வரை, சுமார் இரண்டு வருஷகாலம் நடந்தது. கோர்ட்டின் வாரண்டு இல்லாமலே நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சோதனை போடப்பட்டன. ஆனாலும் நியாயமாய் ஒன்றையும் சொல்ல வேண்டும். ரத்தம் காயும் முன்பே, அதாவது நவம்பர் 18 ந் தேதியன்று, இரண்டு வருஷத்தில் முப்பதாயிரம் அகதிகளை ஏற்பதாய்ச் சொன்ன வாக்கைப் பிரான்சு காப்பாற்றும் என்று ஜனாதிபதி ஒல்லாந்து சொன்னார். அதே ஒல்லாந்துதான், பிரான்சில் பிறந்தவனாயிருந்தாலும் இரட்டைப் பிரஜா உரிமை உள்ளவன் பயங்கரவாதக் குற்றவாளியானால் அவனுடைய பிரஜா உரிமையைப் பிடுங்கலாமென்று ஒரு சட்டமும் கொண்டு வந்தார். குடியேறியவர்களின் பிள்ளைக்கு ஒரு நீதி, மற்றவன் பிள்ளைக்கு ஒரு நீதியா என்று எதிர்த்து, நீதிமந்திரியாயிருந்த தோபிரா அம்மையார் 2016 ஜனவரியில் ராஜினாமா செய்தார். மார்ச்சில் அந்தச் சட்டமே கைவிடப்பட்டது.

பிறப்பைப் பார்த்துக் குற்றம் தீர்மானிக்கின்ற புத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2017 ஜனவரி 27 ந் தேதி, பயங்கரவாதிகளைத் தடுப்பதற்கென்று ஏழு தேசத்தாருக்கு வாசல் அடைக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 ந் தேதி விமானங்களை மோதிக் கொலை செய்த 19 பேரில் 15 பேர் சவுதி அரேபியர், இரண்டு பேர் ஐக்கிய அரபு எமிரேட்டார், எகிப்தியன் ஒருவன், லெபனான்காரன் ஒருவன். இந்த நாலு தேசங்களில் ஒன்றாவது அந்த ஏழில் உண்டா? கிடையாது. அந்த 19 பேரில் அகதியாய் வந்தவன் ஒருவனாவது உண்டா? அதுவும் கிடையாது. 2025 ஜூன் 1 ந் தேதி கொலராடோ மாகாணத்துப் போல்டர் ஊரில் ஒரு கூட்டத்தின் மேல் நெருப்புக் குண்டு வீசியதாய்க் குற்றஞ்சாட்டப்பட்டவர் எகிப்தியர். அந்தச் சம்பவத்தையே எடுத்துக் காட்டி, ஜூன் 4 ந் தேதி 12 தேசத்தாருக்குத் தடை போட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் எகிப்து இல்லை! எகிப்தியரையும் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பேதி கண்ட வீடு ஒன்று, பலிக்கு ஆடு பிடிக்கும் வீடு வேறொன்று என்பதைத்தான் காட்டுகின்றோம்.

இதற்கு நேர்மாறாக நியூசிலாந்தைப் பாருங்கள். 2019 மார்ச்சு 15 ந் தேதி கிரைஸ்ட்சர்ச் பட்டணத்து மசூதிகளில் தொழுது கொண்டிருந்த 51 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். மாண்டவர்களில் சிரியா யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு. கொன்றவன் ஆஸ்திரேலியாக்காரன், அதாவது அவனும் அந்நிய தேசத்திலிருந்து குடி வந்தவன்தான். "ஆஸ்திரேலியரை இனி உள்ளே விடாதே" என்று எவராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை, சொல்லாதது சரியே. ஒருவன் செய்ததற்கு அவன் தேசத்தார் எல்லோரும் ஜவாப்தாரிகளல்ல என்கின்ற நியாயம் அங்கே எல்லோருக்கும் சுலபமாய் விளங்கியது. அந்த நியாயம் சிரியாக்காரனுக்கும் சோமாலியாக்காரனுக்கும் மாத்திரம் ஏன் விளங்குவதில்லை? அந்நாட்டார் கொலைக்கு உதவிய ஆயுதத்தைப் பார்த்தார்கள். நாலு வாரத்திற்குள், ஏப்ரல் 10 ந் தேதி, அப்பேர்ப்பட்ட துப்பாக்கிகளைத் தடுக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டில் 119 பேர் ஆதரிக்க ஒரே ஒருவர் எதிர்க்க நிறைவேற்றினார்கள். பிறகு வைத்த விசாரணைக் கமிஷனும், பாதுகாப்பு இலாகாக்கள் தங்கள் கவனத்தை முஸ்லிம் தீவிரவாதிகள் மேலேயே அளவுக்கு மீறி வைத்திருந்தன என்று 2020 ல் எடுத்துச் சொல்லிற்று. ஒரு பக்கத்தையே பார்த்துக் கொண்டிருப்பவனுக்கு மறுபக்கத்துக் கள்ளன் தெரிவதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டியதில்லை. நமக்கடுத்த இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் கோவிலிலும், கொச்சிக்கடை, நீர்கொழும்புக் கோவில்களிலும், கொழும்பு ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260 க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தமிழர்களும் எத்தனையோ பேர். குண்டு வைத்தவர்கள் இலங்கையில் பிறந்தவர்கள். அவர்களில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் நீர்கொழும்பில் அடித்து விரட்டப்பட்டவர்கள் யார்? பாகிஸ்தானில் மதவெறியர்களுக்குப் பயந்து ஓடி வந்து வாடகை வீட்டில் ஒண்டியிருந்த அகமதியா வகுப்பாரும், கிறிஸ்தவரும், ஆப்கானியரும்! இவர்கள் குழந்தை குட்டிகளோடு மசூதியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. உண்மையான குற்றம் எங்கே இருந்ததென்பதை 2023 ஜனவரி 12 ந் தேதி இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறினார்கள் என்று, அப்போது ஜனாதிபதியாயிருந்த சிறிசேனா பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்றும், மற்ற பெரிய உத்தியோகஸ்தர்களும் கொடுக்க வேண்டுமென்றும் தீர்ப்புச் செய்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு மூன்றே முக்கால் வருஷமாயிற்று. அகதிகளை வீட்டை விட்டு விரட்டச் சில நாட்களே போதுமானதாயிருந்தது.

"அப்படியானால் எல்லையே வேண்டாமா? வருகிறவன் போகிறவனையெல்லாம் உள்ளே விட்டுவிடலாமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தேசத்திற்கும் வருகிறவன் யாரென்று கேட்க உரிமையுண்டு. எத்தனை பேரை ஏற்க முடியும் என்று பேசித் தீர்மானிக்கவும் உரிமையுண்டு. வேலை, வீடு, பள்ளிக்கூடம் இவைகளைப் பற்றி உள்ளூர் ஏழைக்கு இருக்கும் கவலை நியாயமான கவலையே. அந்தக் கவலையை அதற்குரிய இடத்தில் வைத்துக் கணக்கோடு பேச வேண்டும். அதைக் கொண்டு போய்ப் பிணத்தின் மேல் வைத்துப் பேசுகின்றவனிடந்தான் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டுமென்கின்றோம். ஒவ்வொருவனையும் தனித்தனியே சோதி. பொய்ப் பாஸ்போர்ட்டைப் பிடி. எச்சரிக்கை வந்தால் தூங்காதே. பக்கத்துத் தேசத்துப் போலீசுக்குத் தெரிந்தது உன் போலீசுக்கும் தெரியும்படி செய். இவைகளெல்லாம் பாதுகாப்பு. ஒரு மதத்தாரையோ தேசத்தாரையோ மொத்தமாய்க் குற்றவாளியாக்குவது பாதுகாப்பல்லாததோடு, தங்களுக்குள் இருக்கும் கொலைகாரனை முதலில் காட்டிக் கொடுக்கக் கூடியவர்களையே சர்க்காருக்குப் பகையாக்குவதுமாகும்.

ஆகையால், அடுத்த தடவை எங்கேயாவது குண்டு வெடித்துக் கூச்சல் கிளம்பும்போது நமது வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். செய்தவன் யார்? அவனைப் பற்றி யாருக்கு முன்பே தெரியும்? இப்பொழுது கொண்டு வரப்படுகின்ற சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் அவனைத் தடுத்திருக்குமா? இந்த மூன்றுக்கும் ஜவாப் சொல்லாமல் வாசலை அடையென்று கத்துகின்றவன் எந்தக் கட்சிக்காரனாயிருந்தாலும், எந்தப் பத்திரிகைக்காரனாயிருந்தாலும், அவன் ஆட்டைத் தேடுகின்ற பூசாரி என்றே தெரிந்து கொண்டு, கிணற்றைக் காட்டு என்று அவனைக் கேளுங்கள்.