வட்டுவாகல்: புதிய பாலம் மட்டும் போதுமா?

வட்டுவாகல் பாலத்தின் நிர்மாணப் பணிகளை ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆரம்பித்து வைத்தார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. முல்லைத்தீவு மக்களின் நீண்டகாலக் கோரிக்கை இது. வரவேற்கத்தக்கது.

ஆனால், மூன்று மாதங்கள் ஆவதற்குள் டித்வா புயல் வந்தது. வட்டுவாகல் ஊடாகச் செல்லும் அதே ஏ-35 பரந்தன் - முல்லைத்தீவு வீதி கிளிநொச்சி மாவட்டத்தில் துண்டிக்கப்பட்டது. இந்தியா விமானத்தில் கொண்டுவந்து பொருத்திய 120 அடி பெய்லி பாலம் டிசம்பர் 23ஆம் திகதி அங்கு திறந்து வைக்கப்பட்டது. ஓரிடத்தில் பாலம் கட்டினால் வீதி முழுவதும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வட்டுவாகலின் நில அமைப்பு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. முள்ளிவாய்க்காலில் இருந்து தெற்கே வரும் வீதி, ஒருபுறம் கடலும் மறுபுறம் நந்திக்கடலுமாக உள்ள ஒடுங்கிய மணல் திட்டில் ஓடுகிறது. 2009 மே மாதத்தில் பல்லாயிரக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த பாதை இது. மாரியில் பேராற்று வெள்ளம் நந்திக்கடலை நிரப்புகிறது. முகத்துவாரம் மணலால் மூடியிருந்தால் நீர் கடலுக்குப் போக வழியில்லை. வீதி மேல் ஏறுகிறது. புயல் வந்தால் கடலும் மறுபக்கத்தில் இருந்து தள்ளுகிறது.

இதே சிக்கலை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் பல ஆண்டுகளாக அனுபவிக்கிறது. அங்குள்ள அவுட்டர் பாங்க்ஸ் மணல் தீவுகளின் ஊர்களை இணைப்பது 12ஆம் இலக்க நெடுஞ்சாலை. 2003இல் இசபெல் புயலும் 2011இல் ஐரீன் புயலும் தீவை ஊடறுத்து, வீதி இருந்த இடத்தில் புதிய நீர்வழிகளைத் திறந்தன. 1963இல் கட்டிய பாலத்துக்குப் பதிலாக, 100 ஆண்டுகள் நிலைக்கும் வகையில் 4.5 கிலோமீற்றர் நீளப் பாலம் 2019இல் திறக்கப்பட்டது. பாலம் அசையவில்லை, அதற்கு அப்பாலுள்ள வீதியைக் கடல் தொடர்ந்து மூடியது. இறுதியில் ரொடான்தே ஊருக்கருகே கரையோர வீதியைக் கைவிட்டு, களப்பின் மேலாக இன்னொரு பாலத்தை 2022இல் திறந்தார்கள். இன்றும் பெருங்கடல் எழும்போது எஞ்சிய பகுதிகள் மூடப்படுகின்றன. அவ்வளவு பணமுள்ள நாடே ஒவ்வொன்றாகக் கட்டித்தான் இந்தப் பாடத்தைக் கற்றது. நம்மிடம் அதற்கான பணமும் இல்லை, காலமும் இல்லை.

எனவே வட்டுவாகலில் மூன்று விடயங்கள் பாலத்துடன் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

முதலாவது, அணுகு வீதி. அதை மண் கொட்டி உயர்த்தினால் மட்டும் போதாது. போதிய மதகுகள் இல்லாத உயரமான வீதி அணைக்கட்டாகிவிடும். வெள்ளம் குடிமனைகளுக்குள் திரும்பும்.

இரண்டாவது, முகத்துவாரம். அதை எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் களப்பில் இறால் பிடிக்கும் மீனவருக்கும் நலன்கள் வேறுபடுகின்றன. வெள்ளம் வந்த பின் அவசரமாக முடிவெடுக்காமல், மாரிக்கு முன்னரே கடற்றொழிலாளர் சங்கங்களையும் கமக்காரர் அமைப்புகளையும் மாவட்டச் செயலகம் ஒன்றாக இருத்திப் பேச வேண்டும்.

மூன்றாவது, மாற்று வழி. புதுக்குடியிருப்பில் இருந்து கேப்பாப்புலவு, வற்றாப்பளை ஊடாக முள்ளியவளைக்குச் செல்லும் வீதி நந்திக்கடலின் மேற்கே, கடலைவிட்டு விலகி இருக்கிறது. கரையோர வீதி மூடப்படும் நாளில் மாஞ்சோலை வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் காவு வண்டி இதில்தான் ஓட வேண்டும். இராணுவத் தலைமையகம் அமைந்துள்ள பகுதி என்பது இந்த வீதியைப் பின்தள்ளக் காரணமாகக் கூடாது. அதன் தாழ்வான இடங்களையும் மதகுகளையும் இப்போதே சீர்செய்ய வேண்டும்.

பாலத் திறப்பு விழாவுக்கு அமைச்சர்கள் வருவார்கள். மதகு துப்புரவாக்கும் நாளுக்கு எவரும் வருவதில்லை. ஆனால் அடுத்த புயலிரவில் ஒரு கர்ப்பிணித் தாய் வைத்தியசாலையை அடைவாரா என்பதை அந்த மதகும் சேர்ந்தே தீர்மானிக்கும். வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் முல்லைத்தீவின் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது, பாலம் எப்போது முடியும் என்பதை மட்டுமல்ல. பாலத்தின் இருபுறமும் என்ன திட்டம் என்பதையும்தான்.