குரைக்கட்டும்... கடிக்க வேண்டாம்!

இந்த வார மேட்டர் கொஞ்சம் வாலாட்டும். ஒழுங்கா பழகினா கையை நக்கும். தப்பா வளர்த்தா கையையே கேட்கும்!

விழுப்புரத்துல சாலாமேடு, வழுதரெட்டி பக்கம் போய்ப் பாருங்க. திண்டிவனத்துல ஜெயபுரம் தாண்டிப் பாருங்க. மல்லாட்டை விளைஞ்ச கொல்லையெல்லாம் இப்போ 'நகர்' ஆயிடுச்சு. நகருக்குப் பத்து வீடு, நடுவுல இருபது காலி மனை. அப்பா வேலைக்கு, நீங்க காலேஜ் பஸ்ஸுக்கு, தம்பி ஸ்கூலுக்குன்னு கிளம்பிட்டா பகல் முழுக்க வீட்டுல அம்மாவும் ஆயாவும் மட்டும்தான். "ஒரு நாய் இருந்தா நல்லாருக்குமே"ன்னு பேச்சு வர்றது நியாயம்தான். பேச்சு வந்த அடுத்த நிமிஷம் நம்ம ஆளு மொபைல்ல ராட்வைலர் வீடியோ பார்த்துக்கிட்டிருப்பாரு. அங்கதான் பிரச்னை ஆரம்பம்!

ஏன்னா நாய் வளர்ப்புல ஊருக்கே ஐடியா இருக்கு. "பகல்ல சங்கிலியில கட்டு, ராத்திரி அவுத்து விடு. வெறி ஏறும்"பார் ஒரு மாமா. "வெளி ஆளுங்க கண்ணுலயே காட்டாத, அப்பத்தான் யாரையும் அண்ட விடாது"பார் இன்னொருத்தர். "பச்சைக் கறி போடுப்பா, கோபம் வரும்"னு மூணாவது ஆள். மூணு பேரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா மூணுமே ராங்!

அமெரிக்காவுல டென்வர் நகரத்துல, கடிச்ச நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு பண்ணி 1994-ல வெளியிட்டாங்க. கடிச்ச நாய்கள், முற்றத்துல சங்கிலியில கட்டிப் போட்டு வளர்க்கப்பட்டதா இருக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு அதிகம்னு தெரிஞ்சது. காரணம் ரொம்ப சிம்பிள். பயந்தா நாய்க்கு ரெண்டு வழி. ஒண்ணு ஓடணும், இல்லேன்னா கடிக்கணும். சங்கிலி போட்டா முதல் வழி அடைஞ்சுபோச்சு. மிச்சம் என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. அந்த நாய் திருடனுக்காகக் காத்திருக்காது. பந்து எடுக்க வர்ற பக்கத்து வீட்டுப் பையனையே கடிச்சிடும்.

அப்போ நல்ல காவல் நாய் எப்படி உருவாகுது? கோபத்துல இல்ல பாஸ், தைரியத்துல! அந்தத் தைரியத்தை ஊட்டுறதுக்கு டைம் டேபிள் இருக்கு. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா நாய்க்குட்டிகளைக் கவனிச்சு 1965-ல ஒரு புத்தகம் போட்டாங்க. பிறந்து மூணாவது வாரத்துல இருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் ஒரு குட்டி எதையெல்லாம் பார்க்குதோ, கேட்குதோ, அதெல்லாம் 'நம்ம உலகம்'னு அதோட மனசுல பதியும். அதுக்கப்புறம் புதுசா வர்றதெல்லாம் 'சந்தேகக் கேஸ்'தான். இந்தப் பேப்பருக்கு அரியர் எழுத முடியாது!

திண்டிவனம்காரங்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். உங்க ஊர் கிடங்கல் இருக்கே, அது சங்க காலத்துல நல்லியக்கோடனோட ஊர். அவனைப் பாடின சிறுபாணாற்றுப்படையில ஒரு பாணன் வீட்டு அடுப்படி வருது. அங்க ஒரு தாய் நாய், கண்ணே திறக்காத, காது மடிஞ்ச குட்டிங்க பால் இல்லாத மடியை இழுக்கிறது பொறுக்காம குரைக்குது. வறுமையைச் சொல்ல வந்த புலவர் நத்தத்தனார், குட்டியோட வயசைக்கூட கரெக்டா பார்த்து வெச்சிருக்காரு! குட்டிக்குக் கண் திறக்கவே கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆகும். மூணாவது வாரம்தான் சுத்தி என்ன நடக்குதுன்னு கவனிக்க ஆரம்பிக்கும்.

இப்போ கணக்குப் போடுங்க. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதுங்கறது 2017-ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதி. எட்டாவது வாரம் வீட்டுக்கு வருதுன்னா, உங்க கையில மிச்சம் நாலு, அஞ்சு வாரம்தான்! அதுக்குள்ள கேஸ் சிலிண்டர் அண்ணன், தபால்காரர், ஹெல்மெட் போட்ட ஆள், கைத்தடி ஊன்ற தாத்தா, யூனிஃபார்ம் குட்டீஸ்... எல்லாரையும் அது பார்க்கணும். விழுப்புரம் ஜங்ஷன் ரயில் ஹாரன், ஹைவே லாரி சத்தம், மயானக் கொள்ளைக்கு அடிக்கிற பம்பை எல்லாம் தூரத்துல இருந்து கேட்கணும். ஒவ்வொரு தடவையும் வாயில ஒரு துண்டு தீனி. "எல்லார்கிட்டயும் பழகிட்டா திருடன்கிட்டயும் பழகிடுமே?"ன்னு கேட்பீங்க. பழகாது. நூறு சாதாரண ஆளைப் பார்த்த நாய்க்குத்தான் நடுராத்திரி காம்பவுண்டு ஏறுறவன் சாதாரண ஆள் இல்லேன்னு புரியும்.

ஒரு எச்சரிக்கை! தடுப்பூசி முடியற வரைக்கும் குட்டியைத் தெருவுல இறக்க வேணாம். பார்வோ வைரஸ் வந்தா வாந்தி, ரத்த பேதின்னு சில நாள்லயே உயிர் போயிடலாம். தோள்ல தூக்கிட்டுப் போய் ஊரைக் காட்டுங்க. ஆறு முதல் எட்டு வாரத்துல முதல் ஊசி, பிறகு மூணு நாலு வார இடைவெளியில அடுத்தடுத்த ஊசி, மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி. கால்நடை டாக்டர் போட்டுக் கொடுக்கிற தேதியை எக்ஸாம் டேட் மாதிரி ஞாபகம் வெச்சுக்கணும்.

எந்த ஜாதி நாய் வாங்கலாம்? 'நாய் வித்த காசு குரைக்காது'ன்னு பழமொழியே இருக்கு. அதனால விக்கிறவர் பேச்சை மட்டும் நம்பாதீங்க. நம்ம ராஜபாளையம் 2005-ல தபால்தலையிலேயே வந்த ஹீரோ. ஆனா முழு வெள்ளைக் குட்டிகள்ல சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னாடி நின்னு கை தட்டிப் பாருங்க. திரும்பிப் பார்க்காத குட்டி காவலுக்கு எப்படி ஆகும்? தேனி மாவட்டத்துக் கோம்பையும் காவலுக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை முயல் துரத்துற ஓட்டக்காரன், ஓட இடம் வேணும். பட்ஜெட் இல்லையா? தெருவுல பிறந்த நாட்டு நாய்க்குட்டி போதும். நம்ம வெயில் அதுக்குப் பழக்கம், காதும் ஷார்ப். குட்டியோட தாயைப் பாருங்க. தாய் பயந்தாங்கொள்ளியா சீறிக்கிட்டே இருந்தா, நகர்ந்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் முதல் பாடம், பல்லை அடக்குறது. விளையாட்டுல கடிச்சா அடிக்காதீங்க, விளையாட்டை நிறுத்திட்டு எழுந்து போயிடுங்க. 'கடிச்சா கச்சேரி குளோஸ்'னு பத்து நாள்ல புரிஞ்சுக்கும். ரெண்டாவது பாடம், வார்த்தை. அப்பா "கம்"னு, அம்மா "வாடா"ன்னு, தம்பி "டேய்"னு கூப்பிட்டா பாவம், அது எந்த மீடியத்துல படிக்கும்? வா, உட்காரு, விடு, போதும். நாலே வார்த்தை, வீடு முழுக்க அதே வார்த்தை. மூணாவது பாடம், குரைக்கிறது. கேட்ல ஆள் வந்தா ரெண்டு குரைப்புக்கு சபாஷ். "போதும்"னதும் நிறுத்தினா தீனி. பாதித் திருடன் குரைப்புலயே அடுத்த தெருவுக்குப் போயிடுவான்.

"அட்டாக் டிரெயினிங் வேணாமா?" ஜெர்மன்காரங்க நூறு வருஷத்துக்கு மேல காவல் நாய்க்குப் பரீட்சை நடத்துறாங்க. அதுல கடிக்கிற பாடத்துக்கு முன்னாடி வேறொரு பரீட்சை பாஸ் பண்ணணும். சைக்கிள், ஓடுற ஆள், ரோட்டு டிராஃபிக் எல்லாத்துக்கும் நடுவுல அமைதியா நடந்து போகணும். கடிக்கிற பரீட்சைக்குக் குறைஞ்சது ஒன்றரை வயசு ஆகணும். அங்கயும் சொல்லியும் விடவே இல்லேன்னா ஃபெயில்தான்! அதனால ஆறு மாசக் குட்டியை உசுப்பிவிட்டு வீடியோ எடுக்கிற வேலையே வேணாம்.

இது விளையாட்டு இல்ல. 2024 மே மாசம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி பூங்காவுல ரெண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயசுக் குழந்தையைக் கடிச்சுக் குதறிடுச்சு. நாய்களோட உரிமையாளர் கைதானார். வளர்க்கிற பிராணியால மத்தவங்க உயிருக்கு ஆபத்து வராம பார்த்துக்கத் தவறினா, பாரதிய நியாய சன்ஹிதா 291-ன்படி ஆறு மாசம் வரை ஜெயில், 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே. எந்த நாய் கடிச்சாலும் உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். திண்டிவனம் ஜி.எச்.சோ, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜோ, எது பக்கமோ அங்க. "நம்ம வீட்டு நாய்தானே"ன்னு விடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

கடைசியா ஒரு கேள்வி. நீங்க இப்போ செகண்ட் இயர்னு வெச்சுக்குவோம். இன்னும் ரெண்டு வருஷத்துல கேம்பஸ்ல செலக்ட் ஆகி சென்னையோ பெங்களூரோ போயிடுவீங்க. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போ அது யார் நாய்? சோறு வைக்கிற, நாள் முழுக்கக் கூட இருக்கிற அம்மாவோட நாய்! அம்மா "விடு"ன்னா அது விடலேன்னா, நீங்க வீட்டுக்குக் காவல் வெக்கல, புதுசா ஒரு பயத்தைக் கொண்டாந்து விட்டிருக்கீங்க. அதனால டிரெயினிங் முதல் நாள்லேருந்தே கயிறு அம்மா கையில இருக்கட்டும், நீங்க தீனி டப்பாவைப் பிடிச்சுக்குங்க.

குட்டி பார்க்கப் போறப்போ ஃப்ரெண்ட்ஸ் கேங்கைக் கூட்டிட்டுப் போகாதீங்க பாஸ். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க முந்தானையை எந்தக் குட்டி வந்து இழுக்குதோ, அதைத் தூக்கிட்டு வாங்க!