ரசம் போன கண்ணாடி

ராப் பாடல்கள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்ற குற்றச்சாட்டு வெள்ளைக்காரர்களின் ஒழுக்கப் பதற்றமே தவிர வேறில்லை என்று சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை தீர்ப்பெழுதியிருக்கிறது. வரிகளை நேர்ப்பொருளில் படிக்கக் கூடாதாம். ராப் தெருவின் கண்ணாடியாம். அதைக் குறைசொல்பவர் எவரானாலும் கறுப்பரின் வாயை அடைக்க வந்தவராம். பெண்களே பச்சையாகப் பாடும்போது ஆண்களை மட்டும் கேட்பானேன் என்று ஒரு மடக்கு வேறு. கட்டுரையில் ஃபூக்கோ வருகிறார், பக்தின் வருகிறார். ஒரு கறுப்பினப் பெண்கூட வரவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள்மீது வீசப்பட்ட வசைகளுக்கு வக்காலத்து வாங்கும்போது, அவர்களில் ஒருவரைக்கூடச் சாட்சிக்கு அழைக்காமல் தப்பிக்க நிஜமாகவே திறமை வேண்டும்.

கட்டுரையாளரின் துருப்புச்சீட்டு ஃப்ளோரிடா வழக்கு. ‘டூ லைவ் க்ரூ’ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை 1990 ஜூனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆபாசம் என்று அறிவித்தார். அதை விற்ற கடைக்காரரும் மேடையில் பாடிய குழுவினரும் கைதானார்கள். அந்த வரிகள் கறுப்பர் மரபுக்கே உரிய மிகைக் கேலி என்று பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் கூண்டேறிச் சொன்னார். ஜூரி பாடகர்களை விடுவித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பையும் ரத்து செய்தது. எல்லாம் சரி. அதே காலத்தில் ஆண்ட்ரூ டைஸ் க்ளே என்ற வெள்ளை நகைச்சுவையாளர் பெண்களைப் பற்றி ஏறக்குறைய இதே தரத்தில் பேசி அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தார், அவர்மீது இப்படி வழக்குப் பாயவில்லை என்பதும் சரி.

இந்த ஓரவஞ்சனையை அப்போதே எழுத்தில் போட்டு உடைத்தவர்களில் ஒருவர் கிம்பர்லே கிரென்ஷா. கறுப்பினச் சட்டப் பேராசிரியர். நிறமும் பாலினமும் ஒன்றோடொன்று பின்னி ஒடுக்கும் விதத்துக்குப் பெயரும் கோட்பாடும் தந்தவர். 1991இல் இந்த வழக்கைப் பற்றியே அவர் எழுதிய கட்டுரையின் முதல் பாதியைத்தான் நம்மவர் தம் சரக்கைப் போல விற்கிறார். மறு பாதியைத் தொடவில்லை. அந்த மறு பாதியில் கிரென்ஷா, கேட்ஸின் வாதத்தை எடுத்துப் பிரித்துப்போடுகிறார். கேலி என்றால் யாரை வைத்து, யார் சிரிக்க? ஒரு சமூகத்தின் மரபு என்ற பெயரில் அந்தச் சமூகத்துப் பெண்களையே சதைத்துண்டாக்குவதைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? வழக்குப் போட்ட அரசுக்கும் கறுப்பினப் பெண்களைப் பற்றி அக்கறை இல்லை, பாடகர்களைக் காக்க வந்தவர்களுக்கும் இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். முப்பது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்ட வாதத்தைப் பதிலை மட்டும் கத்தரித்துவிட்டு நமக்குப் புதுசாகப் பரிமாறியிருக்கிறார்.

அடுத்தது கண்ணாடி. 1991 ஜூனில், காம்ப்டனிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் இரண்டாவது ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. அதன் பிற்பகுதி முழுக்கப் பெண்களை அடிப்பது, ஏமாற்றுவது, அசிங்கப்படுத்துவது. சில வாரங்களுக்கு முன்புதான் பில்போர்டு, கடைக்காரர்களை விசாரித்துப் பட்டியல் போடும் பழக்கத்தை விட்டுவிட்டு விற்பனையைக் கணினியில் எண்ணத் தொடங்கியிருந்தது. காம்ப்டன் தெருவையே எட்டிப்பார்க்காத புறநகர் வெள்ளைப் பையன்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆக, கண்ணாடியில் முகம் பார்த்தது அந்தத் தெரு மட்டும் அல்ல; காசு கொடுத்து வேடிக்கை பார்த்த கூட்டமும் இருந்தது. அதற்கு எது விற்கும் என்று நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது. அதே தெருவில் வேலைக்குப் போன, பிள்ளை வளர்த்த, பாட்டெழுதிய பெண்கள் அந்தக் கண்ணாடியில் விழவேயில்லை.

வரி வேறு, வாழ்க்கை வேறு என்கிறார். டீ பார்ன்ஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பார் என்று நம்புகிறேன். ராப் பாடகியாக இருந்து, ‘பம்ப் இட் அப்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர். என்.டபிள்யூ.ஏ.வுடன் எடுத்த பேட்டியின் கடைசியில், குழுவிலிருந்து விலகிய ஐஸ் கியூப் பழைய தோழர்களைக் கிண்டலடிக்கும் துண்டு சேர்க்கப்பட்டு ஒளிபரப்பானது. அந்தக் கோபத்தைக் குழுவினர் ஐஸ் கியூபிடம் போய்த் தீர்த்துக்கொள்ளவில்லை. 1991 ஜனவரியில் ஹாலிவுட்டில் ஒரு விருந்தில் குழுவைச் சேர்ந்த டாக்டர் ட்ரே, பார்ன்ஸைப் பிடித்துச் சுவரில் மோதி அடித்தார். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை. அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிந்தது. 2015இல் அந்தக் குழுவின் வீர வரலாறு ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ என்று படமாக வந்தபோது அதில் இந்தச் சம்பவம் இல்லை. படத்தின் இயக்குநர் எஃப். கேரி கிரே, ஒரு காலத்தில் பார்ன்ஸின் அதே நிகழ்ச்சியில் கேமரா பிடித்தவர். பார்ன்ஸ் இதையெல்லாம் எழுதிய பிறகு, ஊர் பேசிய பிறகு, ட்ரே பத்திரிகை வழியாகப் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். பாட்டில் அடிப்பதை நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். சுவர் நிஜமாயிற்றே.

விமரிசிப்பவர்கள் ராப்பின் எதிரிகள் என்பதுதான் கட்டுரையிலேயே பெரிய அபத்தம். 1973 ஆகஸ்ட்டில் பிராங்ஸில் நடந்த எந்த விருந்தை ஹிப் ஹாப்பின் பிறப்பு என்கிறார்களோ, அதை ஏற்பாடு செய்தவர், அங்கே இசைத்தட்டு சுழற்றிய டி.ஜே. கூல் ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்ப்பெல், பள்ளிக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க. கையால் எழுதிய அழைப்பில் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. முதல் பெரிய ராப் வெற்றியான ‘ராப்பர்ஸ் டிலைட்’டைத் தயாரித்தவர் சில்வியா ராபின்சன். பெண்ணை வசைச்சொல்லால் அழைக்கும் ஆண்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்ட குயீன் லத்தீஃபாவின் ‘யூனிட்டி’ 1993இல் வந்து கிராமி வாங்கியது. இவர்கள் யாருக்கு எதிரி?

2004க்கு வருகிறேன். பாடகர் நெல்லியின் ஒரு வீடியோவில், ஆடும் பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் காட்சி உண்டு. இதற்குக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. கடையில் பில் போடும் எவருக்கும் அதன் பொருள் தெரியும். அதே நெல்லியின் அறக்கட்டளை, ரத்தப் புற்றுநோயோடு போராடிய அவருடைய சகோதரியை முன்னிட்டு, எலும்பு மஜ்ஜை தானம் செய்வோரைப் பதிவுசெய்யும் முகாமை அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் நடத்தவிருந்தது. கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி அது. முகாம் நடக்கட்டும், ஆனால் அந்த வீடியோவைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். அறக்கட்டளை முகாமையே கைவிட்டது. மாணவிகள் தாங்களே பதிவு முகாம் நடத்தினார்கள். அவர்களில் முன்னின்ற மோயா பெய்லி, பின்னாளில் கறுப்பினப் பெண்கள்மீதான வெறுப்பை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். மஜ்ஜை கொடுக்க நாங்கள் வேண்டும், கேள்வி கேட்க நாங்கள் வேண்டாமா என்று நின்ற அந்தப் பெண்களையும் வெள்ளை ஒழுக்கவாதிகள் கணக்கில்தான் நம்மவர் வைப்பாரோ?

பெண்களே பாடுகிறார்களே என்ற மடக்கில் நேரம் செலவிட ஒன்றுமில்லை. ராப் பாடகிகள் கார்டி பியும் மேகன் தீ ஸ்டாலியனும் 2020இல் பாடியது தங்கள் ஆசையை, தங்கள் வாயால். பிடிக்காதவர் கேட்க வேண்டாம். அந்தப் பாட்டு வருவதற்கு முந்தைய மாதம்தான் மேகனைக் காலில் சுட்டிருந்தார்கள். சுட்ட பாடகர் டோரி லேனஸுக்குப் பின்னர் 10 வருடச் சிறை கிடைத்தது. ஆனால் விசாரணைக்குச் சற்று முன் வந்த ராப் பாடகர் ட்ரேக்கின் பாட்டில், மேகன் பொய் சொல்கிறார் என்று பலரும் பொருள்கொண்ட வரி இருந்தது. ஆடினால் சம உரிமைக்காரி, அடிபட்டுப் புகார் சொன்னால் பொய்க்காரி!

நம் சினிமாப் பாட்டில் இல்லாததா என்றும் போகிறபோக்கில் கேட்டிருக்கிறார். இருக்கிறதே. 2015இல் ‘பீப்’ பாட்டை எதிர்த்து நம் பெண்கள் தெருவுக்கு வந்தார்களே, மறந்துவிட்டாரா? ரெண்டு இடத்திலும் நாற்றம் என்றால் ரெண்டையும் கழுவ வேண்டியதுதான்.

தடை கேட்கிறேனா? இல்லை. போலீஸ் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்பதை ஃப்ளோரிடாவே காட்டிவிட்டது. மார்ட்டின் லூதர் கிங்குடன் ஊர்வலம் போன சி. டெலோரஸ் டக்கர் ராப் வரிகளை எதிர்க்கும் இயக்கத்தில் வலதுசாரி வில்லியம் பென்னட்டுடன் கைகோத்ததை நானும் ரசிக்கவில்லை. அதற்குக் கிடைத்த பதிலையும் பார்க்க வேண்டும்: ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் ஒரு பாட்டில் பெயர் சொல்லியே அந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியை வைதார். ஆனால் டக்கர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். 1995இல் டைம் வார்னர் நிறுவனத்தின் மேலதிகாரிகளைச் சந்தித்தபோது, அவர்கள் விற்கும் பாட்டின் வரிகளை நீட்டி, உரக்கப் படியுங்கள் என்றார். படிக்கவில்லை.

நம் கட்டுரையாளரும் இத்தனை பக்கத்தில் ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டவில்லை. பதில் எழுதுவதாக இருந்தால், தாம் கலை என்று வாதாடும் பாட்டு ஒன்றிலிருந்து எட்டே வரியைத் தமிழாக்கி, தம் பெயரைப் போட்டு, இந்த இதழிலேயே வெளியிடட்டும். எந்தப் பாட்டு என்பதையும் அவரே தேர்ந்துகொள்ளலாம்.